ஒரே வீட்டை நான்கு பேர் கேட்கும்போது: மதுரையில் வீடு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் நல்ல இடத்து வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்ற செய்தி, வாசலில் பலகை மாட்டுவதற்கு முன்பே தெருமுனை டீக்கடைக்கும் அங்கிருந்து நான்கைந்து புரோக்கர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கே.கே. நகர், அண்ணா நகர், எஸ்.எஸ். காலனி, டி.வி.எஸ். நகர் போன்ற பகுதிகளில் இரண்டரை, மூன்று சென்ட்டில் தனி வீடு என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலில் மூன்று குடும்பங்களாவது செருப்பைக் கழற்றும். பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பதால், போட்டியில் வென்று வந்தவர்களையும் வென்ற பிறகு விழிபிதுங்கி வந்தவர்களையும் நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளும் அவர்களுக்கு நான் சொன்ன பதில்களும் இவை.

"இன்னும் மூன்று பார்ட்டி கேட்கிறார்கள், இன்றே முடியுங்கள்" என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். நம்பலாமா?

பாதி நேரம் அது உண்மை. மீதி நேரம் விலையை ஏற்றுவதற்காகச் சொல்வது. எது என்று கண்டுபிடிக்க முயல்வதில் பெரிய பயன் இல்லை, ஏனெனில் போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வீடு உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பது மாறப்போவதில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: எப்படியாவது வீட்டுக்காரரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். எதற்காக விற்கிறார், பணம் எந்தத் தேதிக்குள் தேவை, வீட்டை எப்போது காலி செய்ய முடியும் என்ற மூன்றையும் அவர் வாயால் கேட்டுவிட்டால், புரோக்கர் சொன்ன மூன்று பார்ட்டிகளும் உண்மையில் இருக்கிறார்களா என்பது பேச்சுவாக்கில் தானாகத் தெரிந்துவிடும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமாக "வரப்போகிற" திட்டங்களைச் சொல்வார்கள். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோ ரயிலின் அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. ஆனாலும் மெட்ரோவைச் சொல்லிச் சென்ட்டுக்கு விலை கூட்டிக் கேட்பது நிற்கவில்லை. நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட பறக்கும் பாலமும் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் போலக் கண்ணுக்குத் தெரிவதற்கு விலை கொடுங்கள். வரப்போவதற்கு விலை கொடுப்பது விற்பவருக்கு நாம் தரும் நன்கொடை.

எங்கள் உச்ச விலையை எப்படி முடிவு செய்வது?

வீட்டைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் இரவே, கையில் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். வாசலில் இன்னொரு குடும்பம் நிற்பதைப் பார்த்த பிறகு போடும் கணக்கு கணக்காக இருக்காது.

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் போட்டுக் காட்டுகிறேன். வீட்டின் விலை ரூ.60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில் வங்கி அதிகபட்சமாக மதிப்பில் 80 சதவீதம் வரை தரலாம். "அப்படியானால் 48 லட்சம் கடன், 12 லட்சம் நம் கையிலிருந்து" என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, கட்டடம் பழையது, சந்து குறுகலானது என்று சொல்லி ரூ.54 லட்சம்தான் மதிப்பு என்று எழுதினால், கடன் 43 லட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கிவிடும். நீங்கள் போட வேண்டியது 16 லட்சத்து 80 ஆயிரம். இதன் மேல் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம். இந்த அளவுள்ள கடன்களில் இதை வங்கி வீட்டு மதிப்போடு சேர்த்துக்கொள்ளாது. ஆக, 12 லட்சம் என்று நினைத்தது 22 லட்சத்து 20 ஆயிரமாக வந்து நிற்கிறது.

இப்போது போட்டியில் இரண்டு லட்சம் கூட்டுகிறீர்கள். வங்கியின் மதிப்பு 54 லட்சத்திலேயே நிற்பதால் கடன் ஒரு ரூபாய்கூட உயராது. அந்த இரண்டு லட்சமும் அதற்கான 18 ஆயிரம் பதிவுச் செலவும் முழுக்க உங்கள் சேமிப்பிலிருந்தோ வீட்டம்மாவின் நகையிலிருந்தோதான் வர வேண்டும். "இரண்டு லட்சம்தானே, மாதத் தவணையில் ஆயிரமோ இரண்டாயிரமோ கூடும்" என்று எண்ணி ஏற்றிவிட்டுப் பிறகு நகைக்கடன் வங்கியில் வரிசையில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

தெருவில் உண்மையான விலை என்ன என்று அறியவும் ஒரு வழி இருக்கிறது. பதிவுத் துறையின் இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கும் பக்கத்து எண்களுக்கும் வில்லங்கம் (அந்தச் சொத்தில் பதிவான கிரையம், அடகு போன்றவற்றின் பட்டியல்) போட்டுப் பார்த்தால், அண்மையில் நடந்த கிரையங்கள் எந்தத் தொகைக்குப் பதிவாயின என்று தெரியும். பலர் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பை) ஒட்டியே தொகையைக் குறைத்துக் காட்டுவார்கள் என்பதால் அது முழு விலையாக இராது. ஆனால் வங்கிக் கடனில் வாங்கியவர்களின் பத்திரங்களில் வரும் தொகை பெரும்பாலும் நம்பத் தகுந்தது.

சொன்ன விலைக்கு மேல் கொடுப்பது முட்டாள்தனமா?

சொன்ன விலையே குறைவாக இருந்தால் இல்லை. பக்கத்து வீட்டை விடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, கூட்டம் சேர்த்து, பிறகு ஏற்றுவதும் ஒரு விற்பனை முறைதான். உங்கள் உச்ச விலைக்குள் இருக்கும்வரை கேளுங்கள்; தாண்டினால் எழுந்து வாருங்கள்.

விலையைக் கூட்டாமலே மற்றவர்களை முந்த முடியுமா?

முடியும், அதுவும் நான் பார்த்த அளவில் பல முறை. விற்பவருக்கு விலையைப் போலவே நிச்சயமும் வேண்டும். "கட்டக் கடைசியாக எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று போகிற நால்வருக்கு நடுவில், வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தைக் காட்டி, ஒப்பந்தத்துக்கு ஒரு தேதியையும் கிரையத்துக்கு ஒரு தேதியையும் சொல்பவர் தனியாகத் தெரிவார். இதற்கு, வீடு தேடத் தொடங்கும்போதே வங்கியில் வருமான வரிக் கணக்கு, சம்பளச் சான்று எல்லாம் கொடுத்து எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் செல்லுபடிக் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணா நகரில் ஒரு வீடு. மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் மற்றவர்களை விட ஒரு லட்சம் கூடுதலாகச் சொன்னார், ஆனால் பங்குனிக்குள் காலி செய்து சாவியைத் தர வேண்டும் என்றார். பேச்சு நடந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அந்த வீட்டுப் பாட்டி வந்து, "தம்பி, பேத்தி பன்னிரண்டாவது படிக்குது. பரீட்சை முடியுற வரைக்கும் எங்களைக் கிளப்பாம இருப்பீங்களா?" என்று கேட்டார். குறைவாகக் கேட்டிருந்தவர்களில் ஒருவர், "சித்திரைத் திருவிழா பார்த்துட்டே காலி பண்ணுங்கம்மா" என்றார். வீடு அவருக்குத்தான் போயிற்று. மாசியில் கிரைய ஒப்பந்தத்தைப் பதிந்து, வைகாசியில் கிரையம் என்று நான்தான் எழுதினேன். ஒரு லட்சம் கூடுதலாகச் சொன்னவருக்கு அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. அவர் கைபேசியில் பேசிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

முழுத் தொகையும் வங்கி வழியாக வரும் என்பதும் சில விற்பவர்களுக்குப் பெரிய ஈர்ப்பு. விற்ற பணத்தில் வேறு வீடு வாங்கி மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்குப் பெற நினைப்பவருக்குப் பணம் கணக்கில் வந்தால்தான் வசதி. அவரிடம் போய் "எங்களுக்குக் கடன் போட வேண்டியிருக்கிறது" என்று தயங்கிச் சொல்லாமல், "முழுவதும் வெள்ளைப் பணம்" என்று நிமிர்ந்து சொல்லலாம்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் வீடு எங்களுடையதாகிவிடுமா?

ஆகாது. வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்தாலும் ஆகாது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவு, விற்பதற்கான ஒப்பந்தம் மட்டும் சொத்தின் மீது உரிமை எதையும் உண்டாக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. டோக்கன் என்பது, மற்றவர்களோடு பேசுவதை நிறுத்திவைக்க நீங்கள் தரும் சிறு தொகை. நான் பெரும்பாலும் 25 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரம் ரூபாய்க்குள் நிறுத்தச் சொல்வேன். ரூ.20,000 அல்லது அதற்கு மேல் சொத்து முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கியவர் மீது அதே அளவு தொகை அபராதமாக விழக்கூடும். ஆகவே வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் "ரூ.1,00,000 பெற்றுக்கொண்டேன்" என்ற ஒற்றை வரியும் கையெழுத்துமாக ஒரு ரசீதை என்னிடம் கொண்டுவந்தார் ஒருவர். எந்த வீடு, என்ன விலை, எந்தத் தேதி, எதுவும் அதில் இல்லை. ஒரு பக்கத் தாளில் இவ்வளவாவது இருக்க வேண்டும்:

"கீழே விவரம் கண்ட வீட்டுக்கு மொத்தக் கிரையத் தொகை ரூ.58,00,000 எனப் பேசி முடித்து, அதில் டோக்கன் முன்பணமாக ரூ.50,000 இன்று வங்கி மூலம் பெற்றுக்கொண்டேன். இன்றிலிருந்து 15 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைக் காட்டி, கிரைய ஒப்பந்தம் பதிந்து தருகிறேன். அதுவரை வேறு எவரிடமும் விலை பேசவோ முன்பணம் வாங்கவோ மாட்டேன். பத்திரங்களில் குறை இருந்தாலோ, வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ, மேற்படி தொகையை 7 நாட்களுக்குள் வங்கி மூலம் திருப்பித் தருகிறேன்."

இதில் உயிர்நாடி கடைசி வாக்கியம். கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்பதை விற்பவர் ஏற்கத் தயங்கினால், டோக்கனை இன்னும் சிறியதாக்குங்கள். கையெழுத்து, பட்டாவிலும் பத்திரத்திலும் பெயருள்ள எல்லோருடையதாகவும் இருக்க வேண்டும். அண்ணன் வாங்கிக்கொண்டு தம்பி மறுப்பது நம் ஊரில் புதிதல்ல.

கிரைய ஒப்பந்தத்தைப் பதிந்தே ஆக வேண்டுமா? வெறும் முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டால் போதாதா?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தங்களைக் கட்டாயமாகப் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தையும், ஏற்றதை ஆற்றக் கோரும் (ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரக் கேட்கும்) வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியிருப்பது உண்மைதான். ஆனால் அது வழக்குப் போட்டவருக்குக் கிடைக்கும் ஆறுதல். போட்டி இருக்கும் வீட்டுக்குப் பதிவு வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு. பதிந்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறிவிடும். அதன் பிறகு கூடுதல் விலையோடு வருகிற எவரும், "எனக்குத் தெரியாது, நல்லெண்ணத்தில் வாங்கினேன்" என்று சொல்ல முடியாது. அவருக்குக் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞரும் அதைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார்.

பேசி முடித்த பிறகு கூடுதல் விலைக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

பேச்சு மட்டும்தான் நடந்திருந்தால், வருத்தப்படுவதைத் தவிரச் செய்வதற்கு அதிகம் இல்லை. ஒப்பந்தம் இருந்தால், அதில் குறித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் மீதித் தொகையோடு நீங்கள் எப்போதும் தயாராக இருந்தீர்கள் என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ஆகவே கெடு முடிவதற்குள் "பணம் தயார், கிரையம் செய்து தாருங்கள்" என்று எழுத்தில் ஓர் அறிவிப்பு அனுப்பி வையுங்கள். "முறித்தால் அட்வான்ஸை இரட்டிப்பாகத் தருவேன்" என்று எழுதுவது வழக்கமாக இருக்கிறது. எழுதிய தொகை முழுவதும் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம்; ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டையே, அந்தத் தொகைக்கு மிகாமல், தரும்.

அவசரத்தில் எந்தச் சோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்?

வர்ணம், தண்ணீர்த் தொட்டி, மின் இணைப்பின் பெயர் மாற்றம் ஆகியவற்றைப் பிறகு பார்க்கலாம். பத்திரத்தில் எதையும் தள்ளிப்போட முடியாது. நல்ல வேளையாக, பெரும்பகுதியை ஒரே நாளில் முடித்துவிடலாம். வில்லங்கத்தை இணையத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவையும், மாநகராட்சிப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் இணையத்தில் எடுக்கலாம். சர்வே எண் தெரிந்தால் போதும், வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே இவற்றைக் கையில் வைத்திருக்கலாம். மற்றவர்கள் ஒரு வாரம் எடுக்கும் வேலையை நீங்கள் முன்கூட்டியே முடித்திருந்தால், அந்த வேகம் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லாத வேகம்.

வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் அசல் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒப்பந்தம் வேண்டாம். பத்திரத்தை அடகு வைத்ததற்கான ஆவணம் பதியப்படாமல் இருந்தால் அது வில்லங்கத்தில் வராது. "பத்திரம் அக்கா வீட்டில் இருக்கிறது, அடுத்த வாரம் காட்டுகிறேன்" என்பவரிடம் டோக்கனையும் அடுத்த வாரமே கொடுங்கள்.

மதுரையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வாரிசுகள். பழைய வீடுகள் பெரும்பாலும் தாத்தா, அப்பா வழியாக வந்தவை. தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது. கல்யாணமாகித் தேனியிலோ துபாயிலோ இருக்கும் மகளின் கையெழுத்து இல்லாமல் மகன்கள் மட்டும் விற்கும் வீட்டுக்குப் போட்டி போட்டு விலை ஏற்றுவதைப் போன்ற துயரம் வேறில்லை. இரண்டாவது, நிலத்தின் பழைய வகை. ஆவணத்தில் கண்மாய், ஊருணி, ஓடை, கோயில் நிலம் என்ற சொற்களில் ஏதேனும் தென்பட்டால் நின்றுவிடுங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. எந்தப் பகுதியானாலும், ஐப்பசியில் இந்தத் தெரு எப்படி இருக்கும் என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். போட்டிக்கு வந்தவர்கள் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாதியை ரொக்கமாகத் தருபவருக்கே வீடு என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பத்திரத்தில் காட்டாத தொகைக்கு வங்கி கடன் தராது. கிரையம் முறிந்தால் அதைக் கொடுத்ததற்குச் சான்றும் இருக்காது. நாளை நீங்கள் விற்கும்போது, குறைத்துக் காட்டிய விலையிலிருந்து உங்கள் ஆதாயத்தைக் கணக்கிட்டு வரி கேட்பார்கள். மேலும், 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் ஒரு சதவீத வரியைப் பிடித்து நீங்களே அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதால் வருமான வரித் துறையின் கண்ணில் இந்தப் பரிமாற்றம் எப்படியும் படும். அந்த ஒரு சதவீதம் தன் பணத்திலிருந்துதான் பிடிக்கப்படும் என்பதை விலை பேசும்போதே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். கிரையத்தன்று சொன்னால் சண்டை வரும்.

ஆடி மாதத்தில் வீடு பேசலாமா?

பேசுவதற்கு அதை விட நல்ல மாதம் இல்லை. போட்டியாளர்களில் பாதிப் பேர் ஆவணி பிறக்கட்டும் என்று வீட்டில் இருப்பார்கள். ஆடியில் வீட்டைப் பார்த்து, பத்திரங்களை அலசி, விலை படிந்ததும் சிறு டோக்கனோடு நிறுத்திவைத்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஒப்பந்தம் என்றால் பெரியவர்களும் மறுக்க மாட்டார்கள். முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நெருக்கியடிக்கும்; ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் பத்திரம் பதிய வருவோருக்கான வழக்கமான 100 வரிசை டோக்கன்களுக்குப் பதிலாக 150 வரை வழங்குவதாகப் பதிவுத் துறை அறிவிப்பதும் அதனால்தான். எனவே நாளை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

ஒரே வீட்டை இரண்டு புரோக்கர்கள் காட்டினால் யாருக்குக் கமிஷன்?

முதலில் காட்டியவருக்கு. எத்தனை சதவீதம் என்பதையும் கிரையம் முடிந்த பிறகே தரப்படும் என்பதையும் வாட்ஸ்அப் செய்தியாகவாவது அன்றே அனுப்பிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. இனி என்ன செய்வது?

கோபத்தைக் காட்டாமல், உங்கள் விலையையும் தொலைபேசி எண்ணையும் வீட்டுக்காரரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். புரோக்கரிடம் மட்டும் சொல்லிவிட்டு வருவது போதாது. கூடுதல் விலை சொல்லி வென்றவருக்கு வங்கி மதிப்பீட்டில் இடிக்கும். அல்லது நான்காவது வாரிசு கையெழுத்துப் போட மறுப்பார். அப்படி முறிந்த வீடுகள் ஒன்றிரண்டு மாதத்தில் இரண்டாவதாகக் கேட்டவரைத் தேடி வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வந்தால், பழைய ஒப்பந்தம் பதிவாகியிருந்ததா, பதிவாகியிருந்தால் அதை ரத்து செய்த ஆவணமும் பதிவாகிவிட்டதா என்பதை வில்லங்கத்தில் பார்த்துவிட்டு, முதலில் சொன்ன அதே விலையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.